பட்டையும் கடுக்காயும் வைத்துத் தோலைப் பதனிட்டு நிறமேற்றுவது எப்படி

மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றின் துவர்ப்பை வைத்துத் தோல் பதனிட இறங்குகிறவர்களுக்கு முதல் தோல் கெட்டுப்போனால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பட்டைத் தண்ணீரை எடுத்த எடுப்பிலேயே கெட்டியாக வைத்துவிடுவது. நிறம் நன்றாக ஏறட்டும், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் கெட்டியான தண்ணீர் தோலின் மேற்பரப்பை உடனே பிடித்து இறுக்கிவிடும். இறுகிய பரப்பைத் தாண்டித் துவர்ப்பு உள்ளே போக வழியில்லாமல் நடுப்பகுதி பச்சைத் தோலாகவே நின்றுவிடும். வெளியே பார்த்தால் அழகான பழுப்பு, உள்ளே எப்போது வேண்டுமானாலும் அழுகலாம். அதனால் நீர்த்த தண்ணீரில் தொடங்குங்கள் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தோல் ஈரமாக இருந்தால் அழுகும், காய்ந்தால் பலகை மாதிரி விறைக்கும். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார்கள். பட்டையின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்ற பொருள் அந்த நார்களுக்கு இடையே புகுந்து ஒட்டிக்கொள்ளும்போது, காய்ந்தாலும் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் தனித்தனியாக நிற்கின்றன, நுண்ணுயிர்களும் அவற்றை எளிதில் தின்ன முடிவதில்லை. சூட்டையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பச்சைத் தோல் தண்ணீரில் 60 முதல் 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும், பட்டையில் பதனிட்ட தோல் ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோமியத்தில் பதனிட்டது கொதிநீரையே தாங்கும், நம்முடையது தாங்காது. நிறமேற்றும்போது இந்தக் கணக்கு மறுபடி தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செடி, எந்தக் காய்

டானின்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, தண்ணீரில் மெல்ல உடையக்கூடியது. கடுக்காய், மாசிக்காய், சுமாக் இலை, தாரா காய், செஸ்ட்நட் மரம் எல்லாம் இதில் வரும். இன்னொன்று, அப்படி உடையாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நாளாக ஆகச் சிவப்பது. ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, வாட்டில் பட்டை, அலையாத்தி மரப்பட்டை, காசுக்கட்டி, தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ மரம் ஆகியவை இந்தக் குடும்பம். முதல் குடும்பம் தோலுக்கு வெளிர் நிறம் தரும், வெளிச்சம் பட்டாலும் அவ்வளவாக மாறாது. இரண்டாவது நன்றாக ஊடுருவும், தோலுக்குச் சதைப்பிடிப்பும் தரும், ஆனால் வெயில் பட்டால் சிவந்துகொண்டே போகும்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. இரண்டாம் குடும்பத்தில் பதனிட்ட தோல் கந்தகப் புகை கலந்த காற்றில் பல ஆண்டுகள் இருந்தால் சிவப்புத் தூளாக உதிரத் தொடங்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நூலகங்களில் புத்தகங்களின் தோல் அட்டைகள் இப்படி உதிர்ந்தபோது, லண்டனில் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் குழு அமைத்து ஆராய்ந்து 1901-ல் அறிக்கை தந்தது. அட்டைக்குச் சுமாக்கில் பதனிட்ட தோலே நல்லது என்றது அந்தக் குழு. ஆகவே பல காலம் அலமாரியில் இருக்கவேண்டிய பொருளுக்கு முதல் குடும்பம், பெல்ட், பை, செருப்பு மாதிரி உழைக்கிற பொருளுக்கு இரண்டாவது குடும்பம் என்று பொதுவாகப் பிரித்துக்கொள்ளலாம். கடுக்காயை மட்டும் தனியாக வைத்துப் பதனிட்டால் தோல் கொஞ்சம் சொதசொதவென்று தளர்வாக வரும் என்பதால், ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுப்பது பழைய, நல்ல வழக்கம். பட்டை தோலுக்கு உடம்பு கொடுக்கும், கடுக்காய் நிறத்தை வெளுப்பாக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு இந்த ஜோடியைத்தான் நான் சொல்வேன்.

டானின் அளவு செடிக்குச் செடி மாறும். ஓக் பட்டையில் சுமார் 10 சதவீதம், கருவேலம்பட்டையில் 12 முதல் 20, ஆவாரம்பட்டையில் 18-ஐ ஒட்டி, கொட்டை நீக்கிய கடுக்காயில் 30 அளவில், நல்ல வாட்டில் பட்டையில் 30-க்கு மேல், மாசிக்காயில் 50-க்கும் மேல். 1803-லேயே ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காசுக்கட்டியைச் சோதித்துப் பார்த்து, ஓக் பட்டையைவிட அதில் டானின் பல மடங்கு இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

கைக்குக் கிடைத்த வேறு ஏதோ பட்டையில் டானின் இருக்கிறதா என்று தெரியவேண்டுமா? தண்ணீர் நிறமாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிறம் வேறு டானின் வேறு. கொஞ்சம் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆறவைத்து, அதில் வடிகட்டிய பட்டைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டானின் இருந்தால் உடனே பால் மாதிரி கலங்கித் திரியும். ஜெலட்டின் கொலாஜனிலிருந்து வருவது, அதனால்தான் இந்தச் சோதனை பொருந்துகிறது. அகர் அகர் புரதம் இல்லை, அதை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எந்தக் குடும்பம் என்று பார்க்க, அதே பட்டைத் தண்ணீரை நன்றாக நீர்த்து, அதில் இரும்புத் துருவை வினிகரில் ஊறவைத்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். நீலம் கலந்த கறுப்பு என்றால் முதல் குடும்பம், பச்சை கலந்த கறுப்பு என்றால் இரண்டாவது. கலப்படமான பட்டைகளில் இது சில சமயம் குழப்பும், ஆனாலும் செய்துபார்ப்பது நல்லது.

ஒரு வேண்டுகோள். நிற்கிற மரத்தைச் சுற்றிப் பட்டை உரிக்காதீர்கள். ஒரு முழு வளையம் உரித்தால் மரம் செத்துவிடும். கழித்த கிளை, வெட்டிய மரம், உதிர்ந்த காய் இவையே போதும்.

பட்டைத் தண்ணீர் எடுப்பது

எவ்வளவு பட்டை வேண்டும்? பதனிடத் தயாரான ஈரத்தோலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு டானின் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ எடையுள்ள ஆட்டுத்தோலுக்கு 500 கிராம் டானின். 18 சதவீத ஆவாரம்பட்டை என்றால் கணக்குப்படி 2.8 கிலோ, ஆனால் பட்டையில் உள்ளது அத்தனையும் தண்ணீருக்கு வந்துவிடாது, அதனால் 4 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டையை விரல்நகம் அளவுக்கு நொறுக்குங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தண்ணீர் மழைத் தண்ணீராகவோ மென்மையானதாகவோ இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் டானினைப் பிடித்து வீணாக்கும், இரும்புச் சத்து இருந்தால் நிறத்தையே கறுக்கடித்துவிடும். பாத்திரம் பிளாஸ்டிக், மரம், நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மண் எதுவானாலும் சரி, இரும்பு மட்டும் எந்த இடத்திலும் கூடாது. துருப்பிடித்த ஒரு ஆணி, வாளியின் கைப்பிடி, தோல் தொங்கவிட்ட கம்பி, இவை பட்ட இடமெல்லாம் தோலில் நீலக்கறுப்புக் கறை விழும்.

பட்டையை 60 முதல் 70 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து, அப்படியே இரவு முழுக்க ஊறவிட்டு வடித்தெடுங்கள். இது முதல் தண்ணீர். அதே பட்டையில் புதுத் தண்ணீர் ஊற்றி இரண்டாவது, பிறகு மூன்றாவது. கடுக்காயைக் கொதிக்கவிட வேண்டாம், அதன் டானின் உடைந்து வீணாகும், வெதுவெதுப்பான தண்ணீரே போதும். மூன்று தண்ணீரையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள், தனித்தனியாக எழுதி ஒட்டி வையுங்கள். மூன்றாவது தண்ணீர்தான் நீர்த்தது, தோலை முதலில் அதில்தான் போடப்போகிறோம். படிப்படியாகக் கெட்டியாக்கும் ஏணி இப்படித் தானாகவே கையில் கிடைத்துவிடுகிறது.

கெட்டியை அளக்கப் பதனிடுகிறவர்கள் பார்க்கோமீட்டர் என்ற மிதவை வைத்திருப்பார்கள். சாதாரண அடர்த்திமானியே போதும்: 1.010 என்று காட்டினால் அது 10 பார்க்கோமீட்டர் டிகிரி, 1.025 என்றால் 25.

தோலைத் தயார் செய்வது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சுண்ணாம்பு ஏற்றி முடி நீக்கிய தோல் யாரிடமாவது கிடைத்தால் அதை வாங்கித் தொடங்குவதே முதல்முறைக்கு நல்லது. நீங்களே செய்வதானால், நோயில்லாத விலங்கின் உப்பிட்ட தோலைத் தண்ணீரில் மென்மையாகும் வரை ஊறவையுங்கள். அப்புறம் நீற்றிய சுண்ணாம்புக் கரைசலில் முடி கையோடு வரும்வரை, பொதுவாக ஒரு வாரத்தை ஒட்டி, தினமும் புரட்டிப் போட்டு வையுங்கள். சுண்ணாம்பு கண்ணையும் கையையும் புண்ணாக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வளைந்த பலகைமேல் போட்டு முடியைத் தள்ளி, சதைப்பக்கத்தைச் சீவி, பலமுறை அலசுங்கள்.

பிறகு சுண்ணாம்பை வெளியேற்றவேண்டும். நீர்த்த வினிகரோ அம்மோனியம் சல்பேட்டோ இதற்குப் போதும். தடித்த இடத்தில் ஓரத்தை வெட்டி, வெட்டுமுகத்தில் காரம் இருந்தால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலில் ஒரு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் உள்ளே சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது, மறுபடி போடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு டானினோடு சேர்ந்து கருந்திட்டுகளாகப் படியும், அதைப் பின்னால் எதை வைத்துத் தேய்த்தாலும் சரியாக எடுக்க முடியாது.

பதனிடுவது

2 கிலோ தோலுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர், தோல் தாராளமாகப் புரளவேண்டும். மூன்றாவது தண்ணீரை 5 முதல் 10 பார்க்கோமீட்டர் டிகிரிக்குள் வைத்துத் தோலைப் போடுங்கள். போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் கையை எடுக்காமல் அசைக்கவேண்டும், அன்று முழுக்க அடிக்கடி போய்ப் புரட்டவேண்டும். மடிப்பு விழுந்த இடத்திலும் தோலோடு தோல் ஒட்டிய இடத்திலும் துவர்ப்பு ஏறாமல் வெளிறிய கோடு விழும். முதல் நாளில் விழுந்த கோடு கடைசி வரை தெரியும். சரியாகப் போனால் சில மணி நேரத்திலேயே வழவழவென்று இருந்த தோல் விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாகத் தட்டுப்படும், வெண்மை போய் லேசான மஞ்சள் பழுப்பு ஏறும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கெட்டியைக் கூட்டுங்கள். முதலில் இரண்டாவது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அப்புறம் முதல் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் 5 டிகிரிக்கு மேல் ஏற்றவேண்டாம். ஆட்டுத்தோலுக்கு 20 முதல் 30 டிகிரியில் முடித்துக்கொள்ளலாம். அமிலத்தன்மையும் பார்க்கவேண்டும், பிஎச் தாள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 5-ஐ ஒட்டி இருந்தால் டானின் நன்றாக உள்ளே போகும், கடைசியில் 4-க்குக் கொஞ்சம் கீழே இறங்கினால் போன டானின் அங்கேயே பிடித்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே புளிக்கவைத்தால் கெட்டித் தண்ணீரில் போட்ட கதைதான், மேற்பரப்பு மட்டும் இறுகும். பட்டைத் தண்ணீரில் உள்ள சர்க்கரை தானாகவே நொதித்துப் புளிக்கும், அதனால் பெரும்பாலும் நீங்கள் எதையும் ஊற்றவே தேவையிருக்காது. போன தடவை உபயோகித்த பழைய தண்ணீர் இருந்தால் அதைக் கொஞ்சம் புதிய மூன்றாவது தண்ணீரோடு கலந்து தொடங்குவது இன்னும் நல்லது, அதில் துவர்ப்பின் வேகம் தணிந்திருக்கும்.

மேலே பூஞ்சணம் படர்ந்தால் பயப்படவேண்டாம், வழித்தெடுத்துவிட்டுச் சில துளி கிராம்பு எண்ணெய் விட்டுக் கலக்குங்கள். தோல் கொழகொழவென்று ஆகி அழுகல் வாடை அடித்தால்தான் கவலைப்படவேண்டும்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், ஆட்டுத்தோலுக்குச் சில வாரங்கள், தடித்த மாட்டுத்தோலுக்குச் சில மாதங்கள் என்றுதான் சொல்லமுடியும். நாட்காட்டியைப் பார்த்து எடுக்காதீர்கள், வெட்டிப் பார்த்து எடுங்கள். கழுத்துப் பகுதியோ முதுகின் பின்பகுதியோ, எங்கே தடிப்பு அதிகமோ அங்கே ஓரத்தில் ஒரு சிறு துண்டு நறுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு பக்கமும் பழுப்பாக இருந்து நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு வெளிறிய கோடு, கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு தெரிந்தால், அதுதான் பதமாகாத பச்சைத்தோல். நாளுக்கு நாள் அந்தக் கோடு மெலிவதைப் பார்க்கலாம். கோடு முழுக்க மறைந்து வெட்டுமுகம் ஒரே நிறமாக ஆன பிறகும் சில நாள் விட்டுவையுங்கள். கொதிநீரில் போட்டுப் பார்க்கும் சோதனை குரோமியத் தோலுக்கானது, அதை இங்கே செய்தால் நன்றாகப் பதமான தோலும் சுருண்டுபோகும்.

கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் இரண்டொரு நாள். காய்ந்த பிறகு மேலே வெளிறிய பொடி படியலாம். பூஞ்சணம் என்று நினைத்துப் பதறவேண்டாம், அது கடுக்காயின் டானின் உடைந்து உண்டாகும் எலாஜிக் அமிலம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பூஞ்சணம் என்றால் மெல்லிய ரோமம் மாதிரி நிற்கும், வாடையும் சொல்லிவிடும்.

எடுத்த தோலை லேசாக அலசி, ஒரு நாள் கட்டையில் மடிக்காமல் தொங்கவிட்டு, மழுங்கிய பலகையால் அழுத்தித் தண்ணீரைத் தள்ளுங்கள். ஈரப்பதம் இருக்கும்போதே மீன் எண்ணெயோ மாட்டுக்குளம்பு எண்ணெயோ மேல்பக்கம் மெல்லியதாகப் பூசி, நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். எண்ணெய் இல்லாமல் காய்ந்தால் மடித்த இடத்தில் மேற்பரப்பு வெடிக்கும். பாதி காய்ந்த நிலையில் பலகை விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துப் பதப்படுத்தினால்தான் தோல் வளையும்.

நிறமேற்றுவது

பதனிட்ட தோலுக்குப் பதனிட்டதிலேயே ஒரு நிறம் வந்துவிட்டது, பூசுகிற சாயம் அதன்மேல் கண்ணாடி மாதிரிதான் உட்காரும். கருவேலம்பட்டையில் செம்பழுப்பாகிவிட்ட தோலில் பளிச்சென்ற மஞ்சள் வராது. வெளிர் நிறங்கள் வேண்டுமானால் சுமாக், தாரா, கடுக்காய் என்று பதனிடும்போதே திட்டமிடவேண்டும். பழுப்புக்குக் காசுக்கட்டி அல்லது வால்நட் காயின் பச்சைத் தோடு, மஞ்சளுக்கு மாதுளை ஓடு, செங்கல் சிவப்புக்கு மஞ்சிட்டி. தோலில் உள்ள டானினே சாயத்தைப் பிடித்துக்கொள்ள உதவும். மாதுளை, மஞ்சிட்டி இரண்டுக்கும் மட்டும் முன்னதாகக் கொஞ்சம் படிகாரக் கரைசல் கொடுத்தால் நிறம் தெளிவாக வரும்.

துணிக்குச் செய்கிற மாதிரி சாயத்தில் போட்டுக் கொதிக்கவைக்கக் கூடாது. சாயத்தைத் தனியாகக் காய்ச்சி வடிகட்டி, 40 டிகிரிக்கு ஆறவிட்டு, அதன்பிறகே முன்கூட்டி ஈரமாக்கிய தோலை அதில் இறக்குங்கள். இங்கேயும் அதே விதிதான், நீர்த்த சாயத்தில் பல முறை போட்டெடுத்தால் நிறம் சீராக ஏறும், கெட்டியில் ஒரே முறை போட்டால் திட்டுத்திட்டாகும். அவுரியை நான் தோலுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன், அவுரித் தொட்டியின் காரம் டானினை உருவியெடுத்துத் தோலை விறைப்பாக்கிவிடும்.

கறுப்பு மட்டும் தனிக்கதை, அதற்குச் சாயமே வேண்டாம். இரும்புக் கம்பளியை டிடர்ஜென்ட் போட்டு எண்ணெய் போகக் கழுவி, சாதாரண வினிகரில் போட்டு, மூடியை இறுக்காமல் வையுங்கள், ஹைட்ரஜன் வாயு வெளியேறவேண்டும், பக்கத்தில் தீ கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் இரும்பு பெரும்பாலும் கரைந்திருக்கும், துணியில் வடிகட்டுங்கள். தோலில் முதலில் கெட்டிக் கடுக்காய்த் தண்ணீரைத் தடவி ஊறவிட்டு, அதன்மேல் இந்த இரும்புத் தண்ணீரை ஈரத்துணியால் துடைத்தாற்போல் பூசுங்கள். துணி போன தடத்திலேயே சாம்பல் நிறம் எழும், அது ஊதா கலந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். மேலே பூசிய வண்ணம் இல்லை இது, டானினும் இரும்பும் தோலுக்குள்ளேயே சேர்ந்து உண்டான கறுப்பு. அதனால் தேய்த்தாலும் உரியாது. குரோமியத் தோலில் இதைச் செய்தால் கறுக்காது, அதில் டானின் இல்லை.

கறுத்ததும் நன்றாக அலசி, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து அமிலத்தைத் தணித்து, மறுபடி அலசி, ஈரத்திலேயே எண்ணெய் பூசுங்கள். சோடாவைக் கூட்டாதீர்கள், காரம் அதிகமானால் தோல் முறுமுறுப்பாகும். இரும்பையும் தேவைக்கு மேல் பூசாதீர்கள், மிச்சமாகத் தங்கும் இரும்பு நாளடைவில் நார்களை அரிக்கும். பூசுவதற்குமுன் அதே தோலின் ஒரு வெட்டுத்துண்டில் பூசிப் பாருங்கள், கறுப்பு சரியாக வரவில்லையென்றால் இரும்பைக் கூட்டுவதற்குமுன் கடுக்காய்த் தண்ணீரை இன்னொரு முறை கொடுங்கள். பெரும்பாலும் குறைவது அதுதான்.

ஊறிய பட்டையைக் காயவைத்து எருக்குழியில் போடலாம். மிச்சமான பட்டைத் தண்ணீரை மூடி வைத்து அடுத்த தோலைத் தொடங்கும் நீர்த்த தண்ணீரோடு கலக்க எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரையும் இரும்புத் தண்ணீரையும் கிணறு, வாய்க்கால் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இரும்புத் தண்ணீருக்குப் போட்ட துணி, தூரிகை, கையுறை எல்லாவற்றையும் தனிப் பெட்டியில் வையுங்கள், அதில் ஒரு துளி அடுத்த பதனிடும் தொட்டியில் விழுந்தாலும் வெளிர் தோல் சாம்பலாகிவிடும்.